அவர் யாருடைய ஆள்?

“கையெழுத்துப் போட்டது நான்தான் தம்பி, இல்லேன்னு சொல்லலை. ஆனா அந்த ஃபாரத்துல ஒரு வரிகூட நான் படிக்கலை.”

மேல்விஷாரத்தில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெரியவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தோலைக் கையால் தடவிப் பார்த்தே தரம் சொல்லக்கூடிய மனிதர். சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டியில் எத்தனையோ தரகர்களைப் பார்த்தவர். “அங்கே முதல் கேள்வியே, நீ விக்கிறவன் ஆளா, வாங்கறவன் ஆளான்னுதான். அது தெரியாம விலையே பேச மாட்டோம்” என்றார்.

அப்படிப்பட்டவர், 2019-ல் தனக்கும் மனைவிக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்தபோது மட்டும் அந்த முதல் கேள்வியைக் கேட்கத் தவறிவிட்டார். வந்தவர் தெரிந்த பையன். அடுத்த தெரு. “நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க பாய், மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்றிருக்கிறார். விண்ணப்பத்தில், ‘சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. மனைவியோ அதற்கு ஆறு வருடம் முன்பிருந்தே சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்!

2022-ல் அந்த அம்மாவுக்கு நெஞ்சு வலி. ஆஞ்சியோகிராம், அதைத் தொடர்ந்து பைபாஸ். பில் 2 லட்சத்து 80 ஆயிரம். கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருந்தது, ‘சர்க்கரை - 9 வருடங்களாக’. கம்பெனி அந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு, ‘உண்மையை மறைத்துவிட்டீர்கள், பணம் தர இயலாது’ என்று கடிதம் அனுப்பிவிட்டது. மருமகளின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

வந்த பையன் மோசக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை என்று எழுதினால் பிரீமியம் கூடும், மெடிக்கல் டெஸ்ட் கேட்பார்கள், கேஸ் கை நழுவும் என்ற அவசரம். ஆனால் அவர் யாருடைய ஆள் என்பது தெரிந்திருந்தால், பெரியவர் பேனாவைத் தன் கையில் வாங்கியிருப்பார்.

நம் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரையும் நாம் ‘ஏஜென்ட்’ என்றுதான் சொல்கிறோம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரே ஜாதி இல்லை.

ஏஜென்ட் என்பவர் கம்பெனியின் ஆள். 1956-ல் 245 நிறுவனங்களைச் சேர்த்து எல்.ஐ.சி. உருவான நாளிலிருந்து நம் குடும்பங்களுக்குத் தெரிந்த முகம் இவர்தான். 2024 கணக்குப்படி எல்.ஐ.சி.க்கு மட்டும் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏஜென்ட்டுகள். ஒரு ஏஜென்ட், ஆயுள் காப்பீட்டில் ஒரு கம்பெனி, பொதுக் காப்பீட்டில் ஒன்று, தனி மருத்துவக் காப்பீட்டில் ஒன்று என்றுதான் வேலை செய்ய முடியும். ஆகவே “இதைவிட நல்ல பாலிசி கிடையாது சார்” என்று அவர் சொன்னால், தன் கைப்பையில் இருப்பதில் நல்லது என்று அர்த்தம். வேறு கடையில் என்ன இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை இல்லை.

கம்பெனியின் ஆள்தானே, அவரிடம் கொடுத்தால் கம்பெனியிடம் கொடுத்த மாதிரிதானே என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1987-ல் நடந்தது இது. எல்.ஐ.சி.யில் நான்கு பாலிசிகள் வைத்திருந்த ஒருவர், கெடு தாண்டிய அரையாண்டு பிரீமியத்தை ஏஜென்ட்டிடம் செக்காகக் கொடுத்தார். ஏஜென்ட் செக்கை மாற்றிக்கொண்டார், ஆபீசில் கட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து பாலிசிதாரர் விபத்தில் இறந்துபோனார். பணம் கட்டப்பட்டது மறுநாள்! வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1997-ல் தீர்ப்பு வந்தது. பிரீமியம் வசூலிக்க ஏஜென்ட்டுக்கு அதிகாரம் தரப்படவில்லை, எனவே அவர் கையில் கொடுத்தது கார்ப்பரேஷனுக்குக் கட்டியதாகாது என்றது கோர்ட். பாலிசி காலாவதியானது காலாவதியானதுதான். இன்றைக்கும் இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொண்டு, செக்கோ ஆன்லைனோ, கம்பெனி பெயருக்கே நேராகக் கட்டுங்கள்.

பாங்க் கவுன்ட்டரில் லோன் கேட்கப் போனால் கூடவே ஒரு பாலிசியையும் நீட்டுகிறார்களே, அவர்கள் ‘கார்ப்பரேட் ஏஜென்ட்’. பல கம்பெனிகளோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்களும் ஏஜென்ட் ரகம்தான்.

புரோக்கர்தான் வேறு. சட்டப்படி அவர் வாங்குகிறவரின் ஆள். அதாவது உங்கள் ஆள்.

இந்த வார்த்தை நமக்குப் பழக்கமில்லாததற்குக் காரணம் உண்டு. 1956-லும் 1973-லும் இன்ஷூரன்ஸ் முழுக்க அரசுக் கைக்குப் போன பிறகு, சாதாரணக் குடும்பத்துக்குக் கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையே இல்லை. மெடிக்ளெய்ம் என்ற மருத்துவ பாலிசி 1986-ல் வந்தபோதும் நான்கு அரசு கம்பெனிகள், நான்கிலும் ஏறக்குறைய ஒரே சரக்கு. ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் மல்ஹோத்ரா தலைமையிலான கமிட்டி 1994-ல் அறிக்கை கொடுத்து, 1999-ல் சட்டம் வந்து, 2000-ல் தனியாருக்குக் கதவு திறந்தது. 2002-ல்தான் புரோக்கர்களுக்கான விதிமுறைகளை ஐ.ஆர்.டி.ஏ. என்ற ஒழுங்குமுறை ஆணையம் கொண்டு வந்தது. 2018-ல் அவை திருத்தி எழுதப்பட்டன.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவருக்கு லைசென்ஸ் கிடையாது. இவருக்கு உண்டு. தனி மனிதராக ஒருவர் ‘நான் புரோக்கர்’ என்று போர்டு மாட்டிக்கொள்ள முடியாது. கம்பெனியாகவோ கூட்டு நிறுவனமாகவோ பதிவு செய்ய வேண்டும். 2018 விதிப்படி, நேரடி புரோக்கருக்கு 75 லட்சம் ரூபாய் மூலதனம் கேட்டார்கள். அங்கே பொறுப்பில் இருப்பவர்கள் பயிற்சி எடுத்துப் பரீட்சை பாஸ் செய்திருக்க வேண்டும். ஏஜென்ட்டாக இருந்துகொண்டே புரோக்கராகவும் இருக்கக் கூடாது. லெட்டர்பேடில் பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் வெப்சைட்டில் சரி பார்க்கலாம்.

இன்னொன்று எனக்குப் பிடித்த விதி. சில டாக்டர்கள் தங்கள் தவறால் நோயாளிக்குக் கெடுதல் வந்தால் ஈடு கட்ட ஒரு பாலிசி எடுத்து வைத்திருப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். புரோக்கருக்கு அது கட்டாயம். அவர் கவனக்குறைவால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் கொடுப்பதற்கென்றே ஒரு காப்பீடு!

சரி, நம் ஆளுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? இங்கேதான் கொஞ்சம் இடிக்கிறது. உங்களிடம் அவர் பெரும்பாலும் ஒரு பைசா வாங்குவதில்லை. நீங்கள் கட்டும் பிரீமியத்திலிருந்து கம்பெனி அவருக்குக் கமிஷன் தருகிறது. விசுவாசம் ஓரிடம், வரும்படி ஓரிடம். 2023 வரை எந்த பாலிசிக்கு எவ்வளவு கமிஷன் என்பதற்கு ஆணையம் உச்சவரம்பு வைத்திருந்தது. அதன் பிறகு கம்பெனிகளின் மொத்தச் செலவுக்குத்தான் வரம்பு, கமிஷனை அந்தந்த கம்பெனியின் போர்டே முடிவு செய்கிறது. ஆகவே, “இதில் உங்களுக்கு எவ்வளவு வருது?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால் புரோக்கர் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்கான நடத்தை விதி. முகம் சுளித்தால் வாசலைக் காட்டிவிடலாம். அதேபோல, “முதல் வருஷக் கமிஷன்ல பாதி உங்களுக்கே தந்துடறேன்” என்று யாராவது ஆசை காட்டினால் அது சலுகை அல்ல, இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி குற்றம். அபராதம் 10 லட்சம் வரை போகலாம்.

ஆம்பூரிலிருந்து வந்த பெண்மணி

பெரியவரின் மகனுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ ஃபாக்டரியில் ஆபீஸ் வேலை. தையல் பிரிவிலும் மற்ற பிரிவுகளிலும் வேலை பார்க்கும் பெரும்பாலானவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2017-ல் அதற்குச் சம்பள வரம்பு 21 ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கு மேல் வாங்குகிற ஆபீஸ் ஸ்டாஃபுக்கு நிர்வாகம் ஒரு குரூப் மெடிக்கல் பாலிசி எடுத்திருக்கிறது, ஒரு புரோக்கர் மூலமாக.

குரூப் பாலிசியில்தான் நல்ல புரோக்கரின் கை வேலை தெரியும். நூறு பேர், இருநூறு பேர் என்று மொத்தமாகப் போகும்போது பேரம் பேச இடம் இருக்கிறது. பழைய வியாதிக்குக் காத்திருப்புக் காலம் வேண்டாம், பிரசவச் செலவு சேர வேண்டும், பெற்றோரைச் சேர்க்க வேண்டும் என்று கம்பெனிகளிடம் தனித்தனியாக விலை கேட்டு வாங்கி, முதலாளி முன்னால் வரிசையாக வைப்பார். அப்படி வாங்கிய பாலிசியில் இந்த அம்மாவுக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு கிடைத்துவிட்டது. சர்க்கரையும் பைபாஸும் இருந்தும்!

ஆனால் மகன் வேலையை விட்டால் அதுவும் போய்விடும். தோல் தொழிலில் ஆர்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதனால் தனியாக ஒரு பாலிசியும் வேண்டும் என்று முடிவாகி, அதே புரோக்கர் நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி வீட்டுக்கு வந்தார்.

“அவங்க முதல்ல கேட்டது பணம் இல்லை தம்பி. மாத்திரைச் சீட்டு!” என்கிறார் பெரியவர். டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ரத்தப் பரிசோதனை, தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை என்று எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தாராம். எந்த ஆஸ்பத்திரிக்கு வழக்கமாகப் போவீர்கள் என்று கேட்டு, அது எந்தெந்த கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்தாராம். வேலூரே அரை மணி பயணத்தில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது முக்கியமான கேள்வி. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் போதாது, பட்டியலிலும் இருக்க வேண்டும்.

பிறகு நான்கு கம்பெனிகளுக்கு விவரம் போனது. இரண்டு கம்பெனிகள் முடியாது என்றன. ஒன்று, பிரீமியத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னது. இன்னொன்று, இதயக் கோளாறுக்கும் சர்க்கரைக்கும் மூன்று வருடம் காத்திருக்கச் சொன்னது. ஏஜென்ட்டாக இருந்திருந்தால் முதல் ‘முடியாது’வோடு கதை முடிந்திருக்கும்.

அந்தப் பெண்மணி போட்டுக் காட்டிய ஒரு கணக்கை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மூன்று லட்சம் ரூபாய் பாலிசி, அறை வாடகை ஒரு சதவிகிதம் என்றால் தினம் 3 ஆயிரம். நீங்கள் 6 ஆயிரம் ரூபாய் அறையில் படுத்துவிட்டால், கூடுதல் வாடகை மட்டும்தானே கையை விட்டுப் போகும் என்று நினைப்பீர்கள். இல்லை! டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் போன்ற அறையோடு ஒட்டிய செலவுகளும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும். மருந்து, உடம்பில் வைக்கும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் அந்த வெட்டு கூடாது. மொத்த பில் 2 லட்சம், அதில் 1 லட்சத்து 20 ஆயிரம் இந்த ரகம் என்று வைத்துக்கொண்டால், 60 ஆயிரம் போய்விடும். அறையை மாற்றிய ஒரே காரணத்துக்காக! “இதை 2019-லயே யாராவது சொல்லியிருந்தா, வாடகை வரம்பு இல்லாத பாலிசி கேட்டிருப்பேனே” என்கிறார் பெரியவர்.

இனி, சர்க்கரையை எழுதினால் பாலிசியே கிடைக்காது என்ற பயம். இரண்டு தீர்ப்புகள். சிறுநீரகம் கெட்டுப் போனதையும் நாள்பட்ட சர்க்கரையையும் சொல்லாமல் மெடிக்ளெய்ம் எடுத்து, பிறகு இறந்துபோன ஒருவரின் குடும்பத்துக்குப் பணம் கிடையாது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இன்னொருவர் அமெரிக்கா போவதற்காக எடுத்த பாலிசியில் தனக்குச் சர்க்கரை என்று எழுதியிருந்தார். சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் மாரடைப்பு. கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சொல்லவில்லை என்று கம்பெனி கையை விரித்தது. 2021 டிசம்பரில் கோர்ட் அவர் பக்கம் நின்றது. சர்க்கரை இருப்பது தெரிந்துதானே பாலிசி கொடுத்தீர்கள், இப்போது அதைக் காரணம் காட்டலாமா என்பதுதான் சாரம்.

சட்டமும் முன்பைவிட இளகியிருக்கிறது. 2024-லிருந்து, பழைய வியாதிக்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம்தான், முன்பு நான்கு. ஐந்து வருடம் இடைவிடாமல் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, எழுதவில்லை என்று சொல்லி மறுக்க முடியாது. ஆயுள் காப்பீட்டில் இந்தக் கெடு மூன்று வருடம், 45-வது பிரிவு. பாலிசி கைக்கு வந்து படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. பழைய 18 சதவிகிதத்தைச் சேர்த்துக் கணக்குச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

மேல்விஷாரத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. வட்டி, நிச்சயமின்மை ஆகியவை கலந்தது என்பதால் ஆயுள் காப்பீட்டை ஒதுக்குகிற வீடுகள் இங்கே நிறைய. 1985-ல் ஜெத்தாவில் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர் பேரவை, வணிகக் காப்பீட்டை ஏற்காமல், கூட்டுறவு முறைக் காப்பீட்டை மாற்றாகச் சொன்னது. மலேசியாவில் 1984-லேயே அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது, தகாஃபுல் என்பார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்வது இந்தப் பக்கத்தின் வேலை இல்லை, அது அவரவர் கேட்டுத் தெளிய வேண்டியது. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவை ஈடு செய்கிற பாலிசி, சேமிப்பும் போனஸும் சேர்ந்த பாலிசி, இறந்தால் மட்டும் தொகை தருகிற பாலிசி, இவை மூன்றும் வெவ்வேறு. அந்த வித்தியாசத்தை விளக்கிவிட்டு, முடிவைக் குடும்பத்திடம் விடுகிறவர்தான் நல்ல புரோக்கர். வேண்டாம் என்றவர் தலையில் எண்டோமென்ட் பாலிசியைக் கட்டுகிறவர் அல்ல.

யாரும் வந்து சொல்லாத விஷயமும் ஒன்று இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் கமிஷன் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் கமிஷன் இல்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-ல் இந்த வடிவத்துக்கு வந்த திட்டம், பிறகு மத்திய அரசுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. உங்களுக்கு இவற்றில் உரிமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு புரோக்கரைக் கூப்பிடலாம்.

ஆஸ்பத்திரி கவுன்ட்டரில்

புரோக்கரின் வேலை பாலிசி கையில் கொடுத்ததோடு முடிவதில்லை, கிளெய்ம் சமயத்தில் உதவுவதும் விதிப்படி அவர் கடமையில் சேர்ந்ததுதான். கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்திலும் தர வேண்டும் என்று 2024-ல் ஆணையம் உத்தரவு போட்டது. தாமதமானால் கம்பெனியில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று புரோக்கருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஆனால் ஒன்று. பணம் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது கம்பெனிதான். “கிளெய்ம் வாங்கித் தருவது என் பொறுப்பு” என்று எந்த புரோக்கராவது அடித்துச் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

கம்பெனி மறுத்தால், முதலில் அவர்களுடைய குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. 2023 முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுக்கிறார்கள். 2021-லிருந்து புரோக்கர் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம்.

பெரியவரும் போனார். ஆறு வருடத்து மாத்திரைச் சீட்டுகள் வீட்டிலேயே இருந்தன, ஃபாரத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது. வேறொருவர் நிரப்பினால், ‘படித்துக் காட்டி விளக்கினேன்’ என்று அடியில் ஓர் உறுதிமொழி இருக்கிறதே, அதன் கீழும் அவர் கையெழுத்து இருந்தது. தோற்றுவிட்டார். “அவங்க சொன்னதும் நியாயம்தானே” என்கிறார். வளையல்களை மீட்க ஒன்றரை வருடம் ஆயிற்று.

நான் போயிருந்த அன்று, தனி பாலிசிக்கான ஃபாரத்தை அவரே நிரப்பிக்கொண்டிருந்தார். காத்திருக்கச் சொன்ன கம்பெனியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்மணி போனில் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, இவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு நிதானமாக எழுதினார். சர்க்கரை, எந்த வருடத்திலிருந்து, என்ன மாத்திரை. பைபாஸ், எந்தத் தேதி. கடைசிப் பக்கம் முடிந்து பேனாவை மூடும்போது உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

“போன வருஷம் இடது கண்ணுல புரை எடுத்தேனே, அதை எழுதினீங்களா?”

பெரியவர் பேனாவை மறுபடி திறந்தார்.